படலையைத் தாண்டிய கதைகள்: 19ஆம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களில் குடும்பம்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடந்த பேச்சுத் தொடரில் ஆற்றிய உரை. திரையில் காட்டிய படங்களை இம்மலரில் அச்சிட முடியாதபடியால் அவற்றைச் சொற்களால் விபரித்திருக்கிறோம்.)



நூற்றாண்டு விழாவில் கேலிப்படங்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் யோசிக்கக்கூடும். எங்கள் வகுப்பைச் சேர்ந்த நால்வர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். எங்களுக்குள்ளும் அந்தக் கேள்வி எழுந்தது. படங்களைப் பார்க்கப் பார்க்க, இவை படித்த பெண்களின் கதையோடு நெருங்கிய உறவுள்ளவை என்று தெரிந்தது. அந்த உறவு எத்தகையது என்பதை இடையில் சொல்லுவோம்.

வீட்டுக் கதை படலையைத் தாண்டக்கூடாது என்றுதான் எங்கள் அம்மம்மாமார் எங்களை வளர்த்தார்கள். தாண்டிய கதையைக் காசுக்கு விற்ற ஒரு தொழில் இலண்டனிலும் பரிசிலும் செழித்திருந்தது. பரிசில் 1832 டிசெம்பரில் சார்ல் ஃபிலிப்போன் என்பவர் ஒரு நாளிதழ் தொடங்கினார். நாளுக்கொரு படம் என்பது அதன் கணக்கு. அதற்கு அவர் வைத்த பெயர் 'லு சரிவாரி'. இலண்டனில் 1841இல் தொடங்கிய 'பஞ்ச்' இதழும் தன்னை 'இலண்டன் சரிவாரி' என்றே சொல்லிக்கொண்டது.

சரிவாரி என்பது பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் இருந்த ஒரு பழைய வழக்கம். கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்தால், அல்லது ஒருவன் மனைவியிடம் அடி வாங்கினான் என்று கதை பரவினால், ஊர் இளைஞர்கள் இரவில் சட்டி, பானை, தகரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்று தட்டுவார்கள். காசு கொடுத்தால்தான் போவார்கள். உள்ளே இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சத்தத்தின் பெயரை ஒரு பத்திரிகை விரும்பித் தனக்குச் சூட்டிக்கொண்டது என்றால், அது என்ன வேலை செய்யப்போகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டது.

படங்களைப் பார்த்தபோது நாங்கள் எங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டோம். வீட்டு இரகசியத்தை வெளியே சொன்னது யார்? அதை விற்றது யார்? பார்த்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

ஓர் அரண்மனை வீட்டிலிருந்து தொடங்குவோம்.

பிரித்தானிய இளவரசர் ஜோர்ஜ், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னர், 1785 டிசெம்பர் 15ஆம் திகதி திருமதி ஃபிட்ஸ்ஹேர்பேர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்மணியை இரகசியமாக மணந்தார். அரசரின் சம்மதம் இல்லாதபடியால் சட்டத்தின்முன் அது திருமணமே ஆகாது. சில மாதங்களுக்குள் அந்த இரகசியம் இலண்டன் படக்கடை யன்னல்களில் தொங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, கடன் கழுத்தை நெரித்தபோது, கடனை அடைக்க வழி கிடைக்கும் என்பதற்காகத் தன் அத்தை மகளான ஜேர்மனிய இளவரசி கரோலைனை 1795இல் மணந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் மகள் சார்லட் பிறந்தாள். அதே ஆண்டு தம்பதியர் பிரிந்தனர். மகளைப் பார்ப்பதற்கும் தாய்க்குக் கட்டுப்பாடு. 1814இல் கரோலைன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போனார். 1817இல் மகள் பிள்ளைப்பேற்றில் இறந்தபோது தாய் நாட்டிலேயே இல்லை.

1820 சனவரியில் கிழ அரசர் இறந்தார். ஜோர்ஜ் மன்னரானார். சூனில் கரோலைன், நான்தான் அரசி என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து இறங்கினார். மன்னர் விவாகரத்து வேண்டும் என்றார். அரசி இத்தாலியில் தன் பணியாளரான பேர்காமியோடு தகாத உறவு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. சாட்சியங்களைப் பச்சைப் பைகளில் கட்டிப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். அந்தப் பச்சைப் பை படக்காரருக்குக் கிடைத்த வரம்! அந்த ஆண்டுப் படங்கள் பலவற்றில் ஒரு மூலையில் பச்சைப் பை இருக்கும்.

ஆகஸ்ட் 17இலிருந்து நவம்பர் 10 வரை பிரபுக்கள் சபையில் நடந்தது உண்மையில் ஒரு படுக்கையறை விசாரணை. சாட்சிகள் வேலைக்காரர்கள். படுக்கையை விரித்தவர்கள், கதவைத் திறந்தவர்கள், வண்டியோடு போனவர்கள். இரகசியத்தைச் சொன்னது யார் என்ற கேள்விக்கு இங்கே பதில் தெளிவு: கூலி வாங்கி வேலை செய்தவர்களைக் கடல் கடந்து கூட்டிவந்து சொல்ல வைத்தார்கள். மயோக்கி என்ற இத்தாலியப் பணியாள் குறுக்கு விசாரணையில் மீண்டும் மீண்டும் "ஞாபகமில்லை" என்றார். அந்த இத்தாலியச் சொல்லையே தலைப்பாக வைத்து வில்லியம் ஹோன் என்ற வெளியீட்டாளரும் ஜோர்ஜ் குரூக்ஷாங் என்ற ஓவியரும் ஒரு சிறு நூல் கொண்டுவந்தார்கள். அதில் சாட்சிக் கூண்டில் நின்று ஞாபகமில்லை என்று விழிப்பவர் மன்னரேதான்.

இந்த இருவரின் பெரிய வெற்றி 'அரசியின் திருமண ஏணி'. கடையில் விற்ற ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்து ஹோனுக்கு எண்ணம் பிறந்தது என்பார்கள். புத்தகத்தோடு மடிக்கக்கூடிய அட்டை ஏணி ஒன்றும் கிடைக்கும். ஏணிக்குப் பதினான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரே ஓசையில் முடியும் ஒரு பெயர். முதற்படியில் மணமாகாத இளவரசர், போத்தல்களுக்கு நடுவே கதிரையில் சரிந்து கிடக்கிறார். பிறகு பெண் கேட்பது, மணம், மனமாற்றம், பழி, நாடு நீங்கல், திரும்பி வரல் என்று போய் முடிவில் இழிவு. ஒரு திருமணம் முறிந்த கதையைப் பிள்ளைகள் வைத்து விளையாடும் சாமான்போல் ஆக்கி மேசைமேல் நிறுத்திவிட்டார்கள்.

இதே குரூக்ஷாங் அந்த ஆண்டு சூனில், மன்னரை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் இனிக் கீறுவதில்லை என்று எழுதிக் கொடுத்து 100 பவுண் வாங்கியிருந்தார்! அதன் பிறகுதான் ஏணி வந்தது. வேறு படக்காரருக்கும் அரண்மனையிலிருந்து காசு போனது. சரிவாரிக்காரருக்குக் காசு கொடுத்தால் போய்விடுவார்கள் என்று முன்பு சொன்னோம். இவர்கள் காசையும் வாங்கிக்கொண்டு நின்று தட்டினார்கள்.

இந்த வழக்கில் எங்களைக் கவர்ந்தது சிரிப்பு விழுந்த பக்கம். நாட்டின் ஆக அதிகாரம் பெற்ற கணவனை எதிர்த்து, பெருவாரியான படங்கள் மனைவியின் பக்கம் நின்றன. கரோலைன் மாசற்றவர் என்று எல்லோரும் நம்பினார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கணவன் செய்யாததை மனைவி செய்துவிடவில்லையே என்பதுதான் சனங்களின் கணக்கு. வாக்குரிமையோ சொத்துரிமையோ இல்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் கையெழுத்திட்டு அரசிக்கு ஆதரவு மடல்கள் அனுப்பினார்கள். கணவன் நினைத்தால் மனைவியைத் தள்ளிவைத்துப் பிள்ளையையும் பறித்துக்கொள்ளலாம் என்ற பயம் அவர்கள் வீடுகளிலும் இருந்தது. மசோதா 108க்கு 99 என்று ஒன்பதே வாக்கு வித்தியாசத்தில் தேறியது. அதைக் கொண்டு மேலே போக அரசாங்கத்துக்குத் துணிவு வரவில்லை, கைவிட்டார்கள். இலண்டன் விளக்கேற்றிக் கொண்டாடியது.

ஆனால் படக்கடைக்கு நிரந்தர விசுவாசம் கிடையாது. கில்ரே என்ற பெரும் ஓவியரின் படங்களை விற்றவர் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணி. சென். ஜேம்ஸ் வீதியில் இருந்தது அவரது கடை. கில்ரே அதே வீட்டு மாடியில்தான் வசித்தார். 1808இல் வந்த அவரது படமொன்றில் அந்தக் கடை யன்னலைக் காணலாம்: வெளியே கூட்டம் படங்களைப் பார்த்தபடி நிற்கிறது, முன்னால் ஒருவர் வழுக்கி விழுந்து கிடக்கிறார், விழுந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹன்னாவுக்குப் பின் கடையை நடத்தியவர் அவரது மருமகன் ஜோர்ஜ் ஹம்ப்ரி. 1821இல் கரோலைனை இழிவுபடுத்தும் படங்களை வரிசையாக விற்றவர் அவர்தான். அந்த ஆண்டு சூலை 19ஆம் திகதி முடிசூட்டு விழாவுக்கு வந்த அரசியை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கதவில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இனிப் பரிசுக்குப் போவோம். அங்கே வீட்டுப் படங்கள் பெருகியதற்கு ஓர் அரசியல் காரணம் இருந்தது. ஒனொரே டோமியே மன்னர் லூயி ஃபிலிப்பைப் பணம் விழுங்கும் பூதமாகக் கீறியதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். 1835 செப்ரெம்பரில், மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்ததை அடுத்து, முன் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் வந்தது. நாளுக்கொரு படம் போட வேண்டிய பத்திரிகை என்ன செய்யும்? மன்னரின் வாசலை விட்டுவிட்டுச் சாதாரண சனங்களின் வாசலுக்குப் போய்த் தட்டத் தொடங்கியது. கணவன், மனைவி, மாமியார், வேலைக்காரி, பிள்ளை. இவர்களில் ஒருவரும் ஓவியரைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

கவார்னி என்பவர் 1838இலிருந்து இந்த இதழில் கீறிய ஒரு வரிசையின் பெயர் 'லெ சன்ஃபான் தெரீப்ள்', பொல்லாத பிள்ளைகள். இன்றும் ஆங்கிலம் பேசுவோர்கூட அந்தப் பிரெஞ்சுத் தொடரைப் பயன்படுத்துவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். படங்களின் அமைப்பு எளியது. விருந்தாளி வந்திருப்பார். பெரியவர்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நிற்கும் பிள்ளை வாயைத் திறந்து, அந்த விருந்தாளியைப் பற்றி வீட்டில் என்ன கதைத்தார்கள் என்பதையோ, அப்பா இல்லாத நேரத்தில் யார் வந்தார் என்பதையோ வெள்ளையாகச் சொல்லிவிடும். கவார்னி தன் படங்களுக்கான வரிகளையும் தானே எழுதினார். படத்தில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பொய் சொல்லப் பழகாததுதான் அதன் பொல்லாப்பு. எங்களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்களைப் பிரெஞ்சுச் சட்டப் புத்தகம் நிறுத்தியது. 1804ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக்கோவை, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்கிறது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில், பிறருறவு கொண்ட மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் வெளியில் என்ன செய்தாலும் குற்றமில்லை. காதலியைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும் 100 முதல் 2000 பிராங் வரை தண்டம். விவாகரத்தோ 1816இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1884 வரை திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை வாய் தவறிச் சொன்ன ஒரு வரி அப்பாவுக்கு ஒரு சங்கடம், அம்மாவுக்குச் சிறை. படத்துக்குள் அந்தச் சட்டம் ஒரு மூலையிலும் இல்லை. அன்றைய வாசகருக்கு அது தெரிந்திருந்தபடியால் காட்டத் தேவைப்படவில்லை என்று சொல்லலாம். தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள் என்றும் சொல்லலாம்.

இப்போது டோமியே. அவரது 'கணவன் மனைவி வழக்கங்கள்' என்ற வரிசையில், 1839இல் வந்த ஒரு படம். ஒருவர் தன் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் கத்துகிறார். பெண்கள் காற்சட்டை தைக்காமல் போனதற்குக் காரணம் அந்த ஜோர்ஜ் சாண்ட்தானாம். ஆண் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற பெண் நாவலாசிரியை சாண்ட். அவர் தன் கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1844இல் இதையே நாற்பது படங்களாக விரித்தார். பெயர் 'நீலக் காலுறைக்காரிகள்'. எழுத்தும் படிப்பும் உள்ள பெண்களை ஐரோப்பாவில் அப்படித்தான் கேலி செய்தார்கள். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன உறவு இதுதான். இந்த மண்டபத்தில் இருக்கும் நாங்கள் எல்லோரும் அவர் கணக்கில் நீலக் காலுறைக்காரிகள். திரையில் தெரியும் படத்தைப் பாருங்கள். ஒரு பெண் மேசையில் குனிந்து எழுதுகிறாள். பின்னால் குளிக்கும் தொட்டிக்குள் அவளுடைய குழந்தை தலைகீழாக விழுந்து கிடக்கிறது. அவள் திரும்பவில்லை. மற்றப் படங்களில் கணவன் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்பான், அல்லது தெறி அறுந்த உடுப்போடு நிற்பான். எழுதும் பெண்கள் எல்லோரும் மெலிந்து, மூக்கு நீண்டு, தலைமயிர் கலைந்து இருப்பார்கள். ஒரு கோட்டில் ஓர் ஆளின் குணத்தைச் சொல்லிவிடும் அந்தக் கைக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். அந்தத் தொட்டிப் படத்தை மட்டும் எங்களால் மன்னிக்க முடியவில்லை. படிப்பித்தால் பெண் பிள்ளையைக் கவனிக்க மாட்டாள் என்ற பேச்சு பரிசோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்து வேலிகளுக்கு மேலாலும் வந்திருக்கிறது. இங்கே பிள்ளை தொட்டிக்குள் விழுந்ததாக யாரும் கண்டதில்லை. பேச்சு மட்டும் வந்துவிட்டது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இப்படங்களின் கீழுள்ள வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் டோமியே அல்லர். பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். அவர் தன் கல்லில் படத்தைக் கீறி அனுப்பிவிடுவார். வரியைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் சில படங்கள் வேறு கதை சொல்லுகின்றன. நடு இரவில் விளக்கடியில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

1848இல் புரட்சி வந்தது. மன்னர் ஓடினார். விவாகரத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு மசோதா வைத்தார்கள். எஷெனி நிபுவாயே அம்மையாரின் 'பெண்களின் குரல்' பத்திரிகை பெண்களின் உரிமைகளுக்காக எழுதியது. டோமியே உடனே 'விவாகரத்துக்காரிகள்' என்று ஆறு படங்கள் கீறினார். 1849இல் 'சமதர்மப் பெண்கள்' என்று பத்து. அந்த ஆண்டு ஷான் டெரோவன் என்ற பள்ளி ஆசிரியை, பெண்களுக்கு வாக்கே இல்லாத நாட்டில், தேர்தலில் நிற்க முன்வந்தார். அவரைப் பார்த்து நாடு சிரித்தது. பிறகு சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவர் 1852இல் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். விவாகரத்து மசோதா நிறைவேறவில்லை. மன்னர் இல்லை, புதிய அரசு வந்துவிட்டது. ஆனாலும் பகிடிக்கு ஆள் கிடைத்தது பழைய இடத்தில்தான்.

இங்கிலாந்தின் 'பஞ்ச்' பற்றி நீட்டி முழக்க மாட்டோம். 1845இல் டக்ளஸ் ஜெரல்ட் அதில் எழுதிய திருமதி கோடில், படுக்கையில் கணவனைத் தூங்கவிடாமல் வசை பாடி நாடெங்கும் பெயரெடுத்தாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மனைவி உழைத்த காசு கணவனுக்கே சொந்தம். 1870இல்தான் அது மாறத் தொடங்கியது. பகலில் வாய் திறக்க இடமில்லாதவள் இரவில் திறந்தாள் என்று நாங்கள் வாசித்தோம். ஜெரல்ட் அப்படி நினைத்து எழுதவில்லை.

இது வெள்ளைக்காரரின் வழக்கம் மட்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கல்கத்தாவில் காளிகாட் கோயிலைச் சுற்றி, யாத்திரை வந்தவர்களுக்குப் படம் விற்ற பட்டுவா ஓவியர்கள் இருந்தார்கள். முதலில் தெய்வப் படங்கள். பிறகு ஊர்க் கேலி: மைனர் பாபு தாசியின் காலடியில் கிடப்பது, மனைவி கணவனை விளக்குமாற்றால் அடிப்பது. அதே நகரின் பட்தலாப் பகுதி அச்சகங்கள் இவற்றை மரச்செதுக்கு அச்சுகளாகவும் விற்றன.

1873இல் அவர்களுக்கு ஒரு கதை கிடைத்தது. எலோகேஷி பதினாறு வயதுப் பெண். கணவன் நொபின் கல்கத்தாவில் அச்சகமொன்றில் வேலை. அவள் கிராமத்தில் தகப்பன் வீட்டில் இருந்தாள். பிள்ளை வரம் வேண்டித் தாரகேஸ்வரர் கோயில் மகந்தர் மாதவசந்திர கிரியிடம் போக, அவர் அவளைக் கெடுத்தார். கணவன் ஊருக்கு வந்தபோது அவளே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவனும் மன்னித்து, அவளைக் கூட்டிக்கொண்டு தப்பிப் போகப் பார்த்தான். மகந்தரின் ஆட்கள் வழியை மறித்தார்கள். மே 27ஆம் திகதி, மீன் வெட்டும் அரிவாள்மனையால் அவள் கழுத்தை வெட்டிவிட்டான்.

வழக்கு நடந்தது. நொபினுக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். மகந்தருக்கு மூன்று ஆண்டுக் கடூழியச் சிறையும் 2000 ரூபா தண்டமும். நொபினுக்காகச் சனங்கள் மனுமேல் மனுப் போட்டார்கள். 1875இல் அவன் விடுதலையானான். படக்காரர்கள் எல்லாக் கட்டங்களையும் கீறினார்கள்: மகந்தரும் எலோகேஷியும் சந்திப்பது, வெட்டு, நீதிமன்றம், சிறையில் மகந்தர் செக்கிழுப்பது. சந்திப்புப் படங்கள் சிலவற்றில் அவள் மகந்தருக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மயக்கியவள் அவள்தான் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்ள அந்த வெற்றிலை போதும்.

எங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு இங்கே கிடைத்த பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை. வேலைக்காரர் சொல்லவில்லை, பிள்ளை உளறவில்லை. வீட்டு இரகசியத்தை அந்தப் பெண் தன் வாயாலேயே, தன் கணவனுக்கு மட்டும் சொன்னாள். அவள் சொல்லும் அந்தக் காட்சியைக் கீறிய படம் எதுவும் நாங்கள் பார்த்தவற்றில் இல்லை. வெட்டும் படம் பல விதமாக இருக்கிறது.

படங்களோடு நிற்கவில்லை. எலோகேஷியின் பெயர் போட்ட சேலைகள் கடைக்கு வந்தன, வெற்றிலைப் பெட்டிகள் வந்தன. அவள் பெயர் பொறித்த மீன் வெட்டும் கத்தியும் வந்தது.

எங்களிடம் உள்ள படங்கள் இவ்வளவுதான். விளக்கைப் போடச் சொல்லலாம்.